பிஸ்டன் முதலில், போரிங் பிறகு: பழைய கார் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு டெல்டா பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை என்ஜின் வேலை பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம். அளவு பற்றி ஒரு சொல்: பட்டறையில் ‘தௌ’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. நாற்பது தௌ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பழைய வண்டிகளின் உதிரிபாகப் பெட்டிகளில் இன்றும் இந்தக் கணக்குதான் அச்சாகி வருகிறது. இங்கேயும் அதையே வைத்துக்கொள்கிறோம். ‘போர்’ என்றால் சிலிண்டரின் உள்துளை; ‘போர் போடுவது’ (போரிங்) என்றால் தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாக வெட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது.

● என்னிடம் 1970 அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது, பெட்ரோல். 300 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஏற்றத்தில் நீலப்புகை. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்ததில் ரேடியேட்டர் பக்கமிருந்து 115, 110, 70, 112 பி.எஸ்.ஐ. என்று வந்தது. “நாலையும் போர் போட்டுடலாம் சார்” என்கிறார் மெக்கானிக். போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

இப்போதே வேண்டாம். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

முதலில், கம்ப்ரஷன் பார்த்த முறை சரிதானா? என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு கம்ப்ரஷன் அடி வரும்வரை சுற்றியிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. காற்று உள்ளே போனால்தானே அழுத்தம் வரும்.

முறை சரியென்றால், மூன்றாவது சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 70 என்பது 100-ஐத் தாண்டினால் குறை ரிங்கிலோ (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போரிலோ. ஆயில் கொஞ்ச நேரம் அந்த இடுக்கை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 70 அப்படியே நின்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், உங்களுடையது அப்படியில்லை.

புகை வரும் நேரமும் பேசும். ஏற்றத்தில், இழுவையில் வந்தால் ரிங். காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து, பாலத்திலிருந்து இறங்கும்போது காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் ஒரு கொத்து என்றால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்). கால் எடுத்த நேரத்தில் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்) வெற்றிடம் கூடி, தேய்ந்த கைடு வழியாக ராக்கர் (வால்வை அழுத்தும் கை) பக்கத்து ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். கைடு போன வண்டிக்குப் போர் போட்டுச் செலவழித்தவர்கள் நிறைய. புகை மட்டும் நிற்காது.

மற்ற மூன்றும் 110-க்குக் குறையாமல் ஏறக்குறைய சமமாக இருப்பதால், மூன்றாவதில் ரிங் உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஹெட்டை இறக்கியதும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் 1489 சி.சி. என்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 73.025 மி.மீ. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆறு அளவு: மேல் ரிங் திரும்பும் இடம், நடு, அடி ஆகிய மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கிலும் குறுக்கிலும். தேய்மானம் எப்போதும் மேலேதான் அதிகம். அங்கேதான் வெப்பமும் அழுத்தமும் கூடுதல், ஆயில் குறைவு. மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் 4 தௌவுக்குள் இருந்தால் போர் வேண்டாம். ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது) போட்டு, புது ரிங் போட்டாலே போதும். ஆனால் போரின் உச்சியில் விரல்நகம் தட்டும் விளிம்பு ஒன்று இருக்கும். அதை ரீமரால் வெட்டாமல் புது ரிங் போட்டால், புது ரிங்கின் கூர்முனை அந்த விளிம்பில் மோதி ஒரே மாதத்தில் உடையும். உங்கள் மூன்றாவது சிலிண்டரில் முன்பு யாரோ இதைத்தான் செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

4 தௌவுக்கு மேல் போய்விட்டால் மெக்கானிக் சொன்னதே சரி. நாலையும் ஒரே அளவுக்குப் போட வேண்டும்.

● எங்கள் ஊரில் ஆயில் என்ஜின், பம்ப்செட் சிலிண்டருக்குப் போர் போடும் லேத் பட்டறை இருக்கிறது. அம்பாசடர் பிளாக்கை அங்கேயே கொடுக்கலாமா, திருச்சிக்குத்தான் போக வேண்டுமா?
— ஒரு வாசகர், பாபநாசம்

கை நல்ல கையாக இருந்தால் கொடுக்கலாம். பம்ப்செட் வேலை செய்பவர்களின் கணக்கு பல நேரம் நகரத்துப் பட்டறையைவிடச் சுத்தம். கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பிளாக்கின் மேல்தளத்தில் உட்கார்ந்து வெட்டும் கையடக்க போரிங் பார் என்றால், அந்தத் தளம் கோணலாக இருந்தால் போரும் கோணலாகும். பழைய கேஸ்கெட் ஒட்டல் ஒரு துணுக்குகூட இல்லாமல் சுரண்டி, நேர்சட்டம் வைத்துப் பார்த்த பிறகே மெஷின் ஏற வேண்டும். அடுத்தது ஹோனிங். பார் வெட்டிய சிலிண்டரை அப்படியே கொடுக்கும் பட்டறை வேண்டாம். கடைசி 2 தௌ ஹோனிங் கல்லில்தான் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்டன் செட் கையில் வராமல் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். ‘20 ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிட 20 தௌ பெரிது) போட்டு வையுங்கள், பிஸ்டன் பிறகு வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், கடையில் 40 மட்டுமே கிடைத்து இரண்டாம் முறை போர் போட்டிருக்கிறார்கள். ஒரே வேலையில் பிளாக்கின் ஆயுளில் பாதி போயிற்று. 40-க்கு மேல் போனால் லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழல்) அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்குத்தான் வர வேண்டும்.

இன்னொன்று, 20 ஓவர்சைஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் பிஸ்டன்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்காது. ஒவ்வொரு பிஸ்டனையும் பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் தண்டு) இருக்கும் திசைக்குச் செங்குத்தாக, பாவாடைப் பகுதியில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்தச் சிலிண்டரை அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். உதாரணத்துக்கு, பிஸ்டன் 73.48 வந்து இடைவெளி 0.05 என்றால் போர் 73.53. பிறகு பிஸ்டன் தலையில் 1, 2, 3, 4 என்று எழுதிவிட வேண்டும். பட்டறையில் எண் எழுதாமல் நாலு பிஸ்டனை ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தால், அளந்து வெட்டவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

● பழைய அம்பாசடர். போர் போட்டு, பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. 800 கிலோமீட்டர் ஓடியும் புகை நிற்கவில்லை. “ஓட ஓட சரியாகும்” என்கிறார்கள். சரியாகுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

800-க்குள் நிற்காதது பெரும்பாலும் 8,000-இலும் நிற்காது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம் கழுவாதது. ஹோனிங் போட்ட சிலிண்டர் சுவரில் கல்தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் எண்ணெய்தான் போகும். தூள் கோடுகளுக்குள் இன்னும் இறங்கிவிடும். அது போவது சோப்புத் தண்ணீருக்குத்தான். சூடான தண்ணீர், துணி துவைக்கும் சோப்பு, நைலான் பிரஷ். தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டில் கொஞ்சம் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துண்டில் சாம்பல் நிறக் கீற்று தெரிந்தால் மறுபடி சோப்பு. மூன்றாவது, நான்காவது கழுவலில்தான் துண்டு வெள்ளையாகவே வரும். உடனே ஆயில் தடவிவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கழுவிய போர் அரை மணி நேரத்தில் செம்பழுப்பு பூத்துவிடும். கழுவாமல் கட்டிய என்ஜினில் அந்தத் தூளே ரிங்கையும் பேரிங்கையும் அரைத்துத் தின்னும்.

இரண்டாவது, ரிங் போட்ட விதம். ரிங்கின் ஒரு முகத்தில் ‘மேல்’ என்பதற்கான குறி இருக்கும். அந்த முகம் ஹெட் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்ட சரிவு ரிங் ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். ரிங் வாய் இடைவெளியும் பார்க்க வேண்டும். ரிங்கை மட்டும் போரில் வைத்து, கவிழ்த்த பிஸ்டனால் ஓர் அங்குலம் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் இந்த என்ஜினுக்கு 8 முதல் 13 தௌ வர வேண்டும். குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு போரைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒரே பக்கமாக இழுத்துச் சரிசெய்யலாம். கூடினால் தப்பான சைஸ் ரிங், திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது காரணம் வண்டி ஓட்டுபவர்தான். புது என்ஜின் என்று பயந்து முதல் நாள் முழுவதும் வீட்டு வாசலில் ஐடிலில் ஓடவிட்டால் போரில் கண்ணாடி போல மெருகு ஏறிவிடும். ரிங் சுவரில் பதிய, பின்னாலிருந்து எரிந்த வாயுவின் அழுத்தம் அதைத் தள்ள வேண்டும். அதற்கு இழுவை வேண்டும். மெருகு ஏறிவிட்டால் பிஸ்டனை வெளியே எடுத்து மறுபடி லேசாக ஹோனிங் போடுவதைத் தவிர வழி இல்லை. ஆயிலில் கலக்கும் மருந்துப் புட்டிகள் வாங்கிக் காசை விடாதீர்கள்.

● பழைய அம்பாசடர். கிராங்க் 20 அண்டர்சைஸில் (20 தௌ சிறிதாகக் கிரைண்டிங் போட்டது) இருக்கிறது. பிக் எண்டு (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பெரிய கண்) சத்தம் வந்ததால் கேப்பை அரம் போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி சத்தம். கடையில் 30 ஷெல்தான் (பேரிங் தகடு) கிடைக்கிறது.
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

அரம் போட்டது பெரிய தப்பு. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் தொழிற்சாலையில் சேர்த்துப் பூட்டி ஒன்றாக வட்டம் வெட்டியவை. கேப்பை அரைத்தால் மேல்-கீழ் மட்டும் குறைந்து வட்டம் முட்டை ஆகிறது. ஷெல் இரண்டு இடத்தில் மட்டும் கிராங்கைத் தொடும், அந்த இடம் சூடேறும், உருகும். ஷெல் சற்றே விளிம்புக்கு மேல் துருத்தி நிற்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். போல்ட் இறுகும்போது அந்தத் துருத்தல் அமுங்கித்தான் ஷெல் ராடோடு ஒட்டி நிற்கிறது. அதை ‘அதிகம்’ என்று அரைப்பவர்களும் உண்டு. சிகரெட் அட்டைக் காகிதத்தை ஷெல்லுக்கு அடியில் வைப்பதும் இதே ரகம்.

அரம் பட்ட ராடுகளின் பெரிய கண்ணை மறுவட்டம் வெட்ட வேண்டும், அல்லது வேறு ராடு தேட வேண்டும். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் ஒரே என்ஜினிலிருந்து கழன்ற நாலு ராடாக, கேப் எண் பொருந்துகிறதா என்று பார்த்து எடுங்கள்.

கிராங்கை 30-க்குக் கிரைண்டிங் போடுவதில் தவறில்லை, ஷெல் கையில் இருக்கும்வரை. கிரைண்டிங் பட்டறையில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஜர்னல் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) சுவரோடு சேரும் மூலை கூராக இல்லாமல் பழையபடி வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலைதான் பின்னாளில் கிராங்க் இரண்டாக முறியும் இடம். ஆயில் துளை வாயை லேசாக வட்டித்துவிட வேண்டும். விரிசல் சோதனை போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் வேலை: கிராங்கின் உள்ளே ஓடும் ஆயில் வழிகளை நீள பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு கம்ப்ரஷர் காற்று. ஐம்பது வருஷத்துக் கறுப்புச் சேறும் புதுக் கிரைண்டிங் தூளும் அங்கேதான் இருக்கும். கழுவாமல் போட்டால் முதல் பத்து நிமிடத்தில் அது புது ஷெல்லில் கோடு போடும்.

பூட்டும்போது பிளாஸ்டிகேஜ் நூலை ஜர்னல் மேல் வைத்து, முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது பொதுக் கணக்கு. 2 அங்குல மெயின் ஜர்னலுக்கு 2 தௌ. நடு மெயின் பேரிங்கில் உள்ள த்ரஸ்ட் வாஷரால் கிராங்கின் முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தௌவுக்குள் நிற்க வேண்டும்.

பழைய ராடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவற்றில் பிஸ்டன் பின்னைச் சின்னக் கண் ஒரு போல்ட்டால் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் போல்ட்டை இறுக்க ராடை வைஸில் பிடித்தால் ராடு முறுக்கிக்கொள்ளும். பின்னின் இரு முனையையும் பிடித்து இறுக்க வேண்டும்.

● அப்பாவின் பிரீமியர் பத்மினி 12 வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் சுற்றவே இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்துக் கியர் போடலாமா?
— ஒரு வாசகர், திருவாரூர்

கூடவே கூடாது. ரிங் துருவில் ஒட்டியிருக்கும். இழுத்தால் ராடு வளையும் அல்லது பிஸ்டன் உடையும்.

பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து 50 மி.லி. விடுங்கள். ஒரு வாரம் ஊறட்டும்; குறைந்தால் மறுபடி விடுங்கள். ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். வால்வும் கைடில் ஒட்டியிருக்கும் என்பதால், கிராங்க் திடீரென்று விடுபட்டால் புஷ் ராட் வளைவது இதனால் தப்பும். பிறகு கிராங்க் முனை நட்டில் நீளக் கைப்பிடி போட்டு, முன்னும் பின்னும் விரல் அளவு அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தள்ளுவதைவிட இப்படி ஆட்டுவதில்தான் துரு விடும். அசைந்ததும் ஓட்டிவிட வேண்டாம். ஹெட்டை இறக்கி 68 மி.மீ. போரில் துரு குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிங் நின்ற இடத்தில் வளையமாகக் குழி இருந்தால் போர்தான்.

பத்மினி ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. கழற்றும்போது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உளி விடாதீர்கள். அந்தத் தடம் வழியாகத் தண்ணீர் கசியும். தண்ணீர்த் துளைகளின் ஓரம் அரித்துப் பொரிந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பித் தளம் சீவலாம். நேர்சட்டம் வைத்தால் 4 தௌ ஃபீலர் எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் சீவ வேண்டும், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு.

● என்ஜின் கட்டி ஆறு மாதத்தில் நான்காவது சிலிண்டர் மட்டும் சூடேறிப் பிஸ்டன் கீறிவிட்டது. ரேடியேட்டர் புதிது.
— ஒரு வாசகர், வேதாரண்யம்

ரேடியேட்டர் புதிது, பிளாக் பழையது. தண்ணீர் பம்ப் முன்னால் இருப்பதால் கடைசிச் சிலிண்டரின் பின்னால்தான் ஓட்டம் மந்தம். துருவும் சுண்ணாம்பும் அங்கேயே கடைமடை வண்டல் மாதிரி படியும். பிளாக் பக்கவாட்டில் உள்ள வெல்ஷ் பிளக்குகளை (துளையை அடைக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்து, வளைந்த கம்பியால் சுரண்டிப் பாருங்கள். கையளவு சேறு வரும். போர் போடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. புது வெல்ஷ் பிளக் ஒரு செட் போடுங்கள். பித்தளை கிடைத்தால் நல்லது.

உங்கள் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் விடாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து விடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஓட்டில் விழாமல் நேராகப் பிடித்த மழைத்தண்ணீர்.

● தாத்தா காலத்து 1947 ஷெவர்லே ஃப்ளீட்மாஸ்டர். பேரிங் ஷெல்லே இல்லை என்கிறார்கள். உண்மையா? ஆயில் பிரஷரும் 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறுவதில்லை.
— ஒரு வாசகர், மன்னார்குடி

இரண்டும் அந்த என்ஜினின் இயல்பே. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் அது. போர் 3½ அங்குலம், ஸ்ட்ரோக் 3¾. ராடின் பெரிய கண்ணில் வெள்ளை ஈயத்தை (பேபிட் எனும் பேரிங் கலவை உலோகம்) உருக்கி நேரடியாக வார்த்திருப்பார்கள். பிக் எண்டுக்கு ஆயில் அழுத்தத்தில் வராது. சம்பில் (என்ஜின் அடியில் ஆயில் தங்கும் பாத்திரம்) உள்ள தொட்டியிலிருந்து, ராடின் அடியில் இருக்கும் கரண்டி மொண்டு எடுத்துக்கொள்ளும். வேகம் கூடினால் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் ஆயிலைக் கரண்டி வாங்கும். அதனால் அளவுமானி குறைவாகத்தான் காட்டும். அம்பாசடர் போல 50 வரவைக்கிறேன் என்று யாராவது பம்ப்பில் கை வைத்தால் விடாதீர்கள்.

லேசான சத்தம் என்றால் கேப்புக்கும் ராடுக்கும் நடுவில் உள்ள தகட்டு ஷிம்மை இரு பக்கமும் சமமாக ஒவ்வொன்று எடுத்து, நீலம் தடவித் தொடு இடம் பார்த்துச் சரிசெய்யலாம். இந்த என்ஜினுக்குச் ஷிம் எடுப்பதுதான் முறை; மேலே மயிலாடுதுறை வாசகருக்குச் சொன்ன அரம் கதை வேறு. ஈயம் விரிசல் விட்டோ பெயர்ந்தோ இருந்தால் பழையதை உருக்கி எடுத்து, ராடுக்கு வெள்ளீயப் பூச்சு கொடுத்து, ராடையும் சூடாக்கி, வெள்ளீயம் அடிப்படையிலான பேபிட்டை ஒரே ஊற்றில் வார்த்து, பிறகு அளவுக்குக் கடைய வேண்டும். பூச்சு சரியில்லாமல் வார்த்தால் ஈயம் ராடோடு ஒட்டாது. சின்னச் சுத்தியால் தட்டினால் மணிச் சத்தம் வராமல் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். அதை வாங்காதீர்கள். கட்டி முடித்தபின் 60, 70 கிலோமீட்டர் வேகம் போதும். கரண்டி வைத்த என்ஜினுக்கு நாலுவழிச் சாலை ஆகாது.

● ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கிளட்ச் மிதித்தால் முன்புறக் கிராங்க் புல்லி முன்னால் நகர்கிறது. ஓட்டலாமா?
— ஒரு வாசகர், சீர்காழி

இன்றே நிறுத்துங்கள். பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இன்னும் தேய்ந்தால் நழுவிச் சம்பில் விழும், பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். சம்பைக் கழற்றி, ஓவர்சைஸ் வாஷர் போட்டு ஆட்டம் 4 முதல் 8 தௌவுக்குள் கொண்டுவரலாம். என்ஜினை இறக்க வேண்டியதில்லை. வாஷரில் வரிப்பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

● ஈயமில்லாத பெட்ரோலுக்கு வால்வு சீட் (வால்வு உட்காரும் வளையம்) மாற்ற வேண்டுமா? எத்தனால் வேறு கலக்கிறார்களே?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

2000 பிப்ரவரியிலிருந்தே நாட்டில் ஈயப் பெட்ரோல் இல்லை. உங்கள் வண்டி அதற்குப் பிறகும் ஓடியிருந்தால் விடை ஹெட்டிலேயே இருக்கிறது: டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து) அடிக்கடி குறைந்துகொண்டே போனால் எக்ஸாஸ்ட் சீட் உள்ளே இறங்குகிறது. ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறதென்றால் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கடின சீட் வளையம் அடித்துவிடுங்கள். ஹெட் நன்றாக இருந்தால் அதற்காகவே இறக்க வேண்டாம்.

எத்தனால்தான் உடனடித் தொல்லை. 20 சதவீதக் கலப்பில் பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். கலவை கொஞ்சம் மெலிவதால் ஜெட் சற்றுக் கூட்ட வேண்டி வரலாம். ஈரத்தை இழுக்கும் எரிபொருள் என்பதால் மழைக்காலம் முழுக்க டேங்கில் பாதி பெட்ரோலோடு வண்டியை நிறுத்தாதீர்கள்.

● என்ஜினை முழுதாகக் கழற்றிக் கட்டினால் வின்டேஜ் பதிவு கிடைக்காது என்கிறார்களே?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வாகனம், மூல வடிவில், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருக்க வேண்டும். அதே பிளாக்கில் போர் போட்டு அதே வகைப் பிஸ்டன் போடுவது தேய்மானத்தைச் சரிசெய்வது. டீசல் என்ஜினைத் தூக்கி வைப்பதுதான் மாற்றம். வேலைக்கு முன்னும் பின்னும் என்ஜின் எண்ணைப் படம் எடுத்து, பட்டறை ரசீதுகளோடு வையுங்கள். எண் அடித்த இடத்தில் கிரைண்டரோ தடித்த பெயிண்டோ படக் கூடாது. பிளாக்கையே மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்கு, மறுபதிவு 5,000. ஆனால் வின்டேஜ் பதிவு வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க போன்றவற்றுக்கு மட்டும்தான். கடைவீதிக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பவர் என்றால் சாதாரண மறுபதிவிலேயே இருங்கள்.

● நாளை முதல் ஸ்டார்ட். அம்பாசடர், எல்லாம் புதிது. என்ன கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், திருவையாறு

ஆயில் பம்ப்பைப் பூட்டும்போதே ஆயிலால் நிரப்பினீர்களா? இல்லாவிட்டால் இன்றைக்கே ஃபில்டரை நிரப்பி, பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து நொடியாகச் சுற்றுங்கள். ராக்கரில் ஆயில் வழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயில் சாதாரண மினரல் 20டபிள்யூ50 போதும். விலை கூடிய செயற்கை ஆயில் இப்போது வேண்டாம், ரிங் பதியாது.

இக்னிஷன் டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாவற்றையும் முன்பே சரிபார்த்து வையுங்கள். பற்றியவுடன் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 1,500-க்கும் 2,500 ஆர்.பி.எம்.முக்கும் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நடுவில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். புது கேமும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பதிவது இந்த 20 நிமிடத்தில்தான்; மெதுவாக ஓடினால் அங்கே ஆயில் தெறித்து எட்டாது. பிறகு அணைத்து, முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் கையேட்டு வரிசைப்படி மறுபடி இறுக்கி, டேப்பெட் பாருங்கள்.

அன்றைக்கே ரோட்டுக்கு எடுங்கள். மூன்றாவது கியரில் 30-லிருந்து 50 வரை இழுத்து, காலை எடுத்து வேகம் குறையவிட்டு, மறுபடி இழுத்து, இப்படிப் பத்துப் பதினைந்து முறை. ஆள் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஒரே வேகத்தில் போக வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, வடித்த ஆயிலைக் காந்தம் விட்டுப் பாருங்கள். நரைத்த மெழுகுபோல் இரும்புத்தூள் கொஞ்சம் வருவது சரி, பளபளக்கும் செதில் வந்தால் சம்பைக் கழற்ற வேண்டும். ஹெட் நட்டும் டேப்பெட்டும் அப்போது இன்னொரு முறை.

கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் பதறாதீர்கள். இந்த என்ஜினின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுமரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது, நின்றபிறகு கொஞ்சம் கசியும். சொட்டு ஓடையானால் முதலில் பிரீதர் குழாய் (என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஏர் கிளீனர்: தை, மாசியில் ரோட்டில் நெல் காயும்போதும் அறுவடை மெஷின் ஓடும்போதும் கிளீனர் இல்லாமல் ஒரு நாள்கூட எடுக்காதீர்கள். ஆயில் பாத் வகை என்றால் அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கழற்றி, அடியில் தங்கிய மண்ணை வழித்துவிட்டுப் புது ஆயில் கோடு வரை ஊற்றுங்கள்.